எம்-சாண்டுக்கு அடியில் ஆற்று மணல்

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகள், அவளுடைய அறிவியல் டீச்சர், டீச்சரோடு வரிசையில் வந்த பதினொரு பிள்ளைகள், கொத்தனார் அண்ணாச்சி, அவரிடம் வேலை பார்க்கிற சித்தாள் அக்கா, எதிர்வீட்டு ஏட்டையா. என் வீட்டுக்காரர் இல்லை. அவர் டிப்பர் லாரியோடு புளியரை செக்போஸ்ட் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் இடையில் ஒரு தடவை போனில் வந்தார் என்பதால் பாதி ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஏட்டையா வீட்டுப் பூனையும் இருந்தது. அதைச் சும்மா சொல்லவில்லை, அதற்கும் இதில் பங்கு உண்டு.

யார் யார் இருந்தார்கள் என்று இவ்வளவு சரியாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், அதற்குப் பிறகு பல நாள் அவர்களில் யார் போய் யாரிடம் என்ன சொல்லுவார்களோ என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததுதான். துணி மடிக்கும்போதும் நினைப்பேன். அரிசி களையும்போதும் நினைப்பேன்.

எங்கள் தெரு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. சீசன் வந்தால் இந்தப் பக்கம் வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முன்னறையையோ மாடியையோ காலி செய்து, நாலு பாய் விரித்து, ஈரத்துணி காயப்போட ஒரு கயிற்றைக் கட்டி, குளிக்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். வீட்டுக்காரர்கள் அடுக்களையில் சுருண்டு படுத்துக்கொள்வார்கள். நான் ஐந்தருவிப் பக்கம் துண்டும் எண்ணெய்ப் பாக்கெட்டும் விற்கிற தட்டுக்கடை போடுகிறவள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் அன்றைக்கு ஒரு துண்டுகூடப் போகாது. ஆனால் தடை போட்டாலும் வந்தவர்கள் எங்காவது தங்கத்தானே வேண்டும்? அதை நினைத்துத்தான் மாடியில் ஓர் அறை கட்ட ஆரம்பித்தோம். மகளிர் குழுவில் கடன் வாங்கி, சுவர் எழுப்பி, தளம் போட்டாகிவிட்டது. உள்பூச்சு மட்டும் பாக்கி. சாத்தூரிலிருந்து வருஷா வருஷம் வருகிற ஒரு குடும்பம், "அக்கா, அடுத்த சீசனுக்கு உங்க மாடிதான், வேற யாருக்கும் விட்டுராதீங்க" என்று போன வருஷமே சொல்லிவிட்டுப் போயிருந்தது.

சாரல் விழுவதற்குள் பூச்சு முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் சாத்தூர்க்காரர்கள் வேறு வீடு பார்த்துவிடுவார்கள். அவர்கள் போய்விட்டால் குழுத் தவணை? மேற்கே மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்தது. ஊரெல்லாம் சாரல் எப்போது வரும் என்று காத்துக் கிடக்க, இன்னும் பத்து நாள் தள்ளி வா என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கட்டியது முழுக்க எம்-சாண்டில். கல்லை உடைத்துப் பொடியாக்கி வருகிற சாம்பல் நிற மணல். என் வீட்டுக்காரர் டிப்பரில் ஏற்றிக்கொண்டு மலை தாண்டிக் கேரளாவுக்குப் போவதும் அதுதான். உள்பூச்சு என்று வந்ததும் கொத்தனார் அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல பூசுனா சீலிங்குல நிக்காது தாயி. பூசச் சொன்னா பூசுதேன். பொறவு வெடிப்பு விட்டுச்சுன்னா என்னைய ஏசக் கூடாது. ஆத்து மணல் கொஞ்சம் கொண்டாந்து போடு."

"பூச்சுக்குன்னே பி-சாண்டுன்னு ஒண்ணு விக்காவளாமே அண்ணாச்சி?"

"விக்காவ. மூஞ்சிக்குப் போடுத பவுடருகூடத்தான் விக்காவ. வாங்கிட்டு வா, அதையும் அப்புவோம்."

ஆற்று மணலுக்கு விசாரித்தேன். ஒருவர் இன்னொருவரைச் சொன்னார். அவர் அச்சன்புதூர்ப் பக்கமாகச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிற ஒரு குட்டியானைக்காரரைச் சொன்னார். குட்டியானையில் ஒரு நடை மணல், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அறைக்குள் பூச அது மட்டுமட்டாகக் காணும் என்றார் அண்ணாச்சி. கையில் இருந்த இரண்டாயிரத்தைக் கொடுத்தேன். மீதி, சீசன் வாடகை வந்ததும் என்று பேச்சு. பால்காரர் வருகிற நேரத்துக்கு வண்டி வந்தது. கொட்டிவிட்டு இன்ஜினை அணைக்காமலே நின்றார்.

"பில்லு உண்டாண்ணே?"

"ஆத்துக்கு யாருக்கா பில்லு போடுதா?" என்று சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.

பில் இல்லாத ஆற்று மணல் என்றால் திருட்டு மணல்தான். அந்தச் சிரிப்போடு என் நிம்மதியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் தெருவில் யார் வாசலில் மணல் கொட்டினாலும் சாயங்காலம் அது பிள்ளைகளுக்குச் சொந்தம். கோவில் கட்டுவார்கள், சுரங்கம் தோண்டுவார்கள், சறுக்குவார்கள். எம்-சாண்ட் குவியலில் அவர்களுக்கு அவ்வளவு பிரியம் கிடையாது, அது முழங்காலை உரசிக் காந்தும். இது ஆற்று மணல். ஈரமாக, பழுப்பாக, இடையிடையே மிளகு அளவில் நத்தை ஓடு. வந்த அன்றைக்கே தெருப் பிள்ளைகள் அத்தனையும் அதன் மேல்.

"ஏலே இறங்குலே! ஏட்டி, அங்கன போய் விளையாடுட்டி!"

"யத்தே, மணலு என்ன தேய்ஞ்சா போவும்?" என்றது ஒன்று.

தேயத்தான் செய்தது. செருப்பில் கொஞ்சம் போனது, நிக்கர் பையில் கொஞ்சம் போனது, சாக்கடைக்குள் கொஞ்சம் சரிந்தது. ஏட்டையா வீட்டுப் பூனை தினமும் வந்து தோண்டி, உட்கார்ந்து, மூடிவிட்டுப் போகும். அந்த இடத்தை அள்ளி எறிய வேண்டும். எறிகிற மணலைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். குவியலைச் சுற்றி உடைந்த செங்கல்லை வரம்பு மாதிரி அடுக்கினேன். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் எட்டிப் பார்ப்பேன்.

நான் எட்டிப் பார்க்கிற நேரத்தில் எதிரே ஏட்டையாவும் பார்த்துக்கொண்டிருப்பார். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர்டு ஆனவர். வருஷம் பல ஆகிவிட்டாலும் தெருவில் அவர் இன்னும் ஏட்டையாதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பேப்பரைக் கொஞ்சம் இறக்குவார், மணலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி பேப்பரை ஏற்றிக்கொள்வார். தினமும். நான் உள்ளே ஓடிவிடுவேன்.

இப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புத்தகப் பையைக்கூட இறக்காமல் நேரே அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுத்தாள். ஒரு தட்டில் வைத்து அதன் மேல் செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

"என்னட்டி பண்ணுத?"

"இங்க பாரும்மா. தண்ணி தட்டுல நிக்கா? இல்லல்லா. ஸ்பாஞ்சு குடிச்சிட்டு. ஆத்துல மணலும் இப்படித்தானாம். மழைத்தண்ணியக் குடிச்சு வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கிணத்துக்கு விடுமாம். மணல அள்ளிட்டா..." ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். தண்ணீர் தட்டைத் தாண்டி, மேடையைத் தாண்டி, என் காலில் விழுந்தது. "பாத்தியா, ஓடிட்டு."

அன்றைக்கு அவர்கள் வகுப்பில் மணல் பாடம். மணல் தீர்ந்து போகிற பொருளாம். ஒரு பாறை உடைந்து, உருண்டு, மணலாகி வருவதற்கு ஆகிற காலத்தை டீச்சர் போர்டில் எழுதினாராம், சைபர் போட்டே இடம் பத்தவில்லையாம். கண்ணாடிக்கு மணல், போனுக்குள்ளே இருக்கிற சில்லுக்கு மணல், வீட்டுக்கு, ரோட்டுக்கு, பாலத்துக்கு மணல்.

"பாலைவனத்துல அவ்வளவு மணல் கிடக்குல்லாம்மா, அத வச்சு வீடு கட்ட முடியாதாம். காத்துல உருண்டு உருண்டு ரொம்ப வழுவழுன்னு ஆயிருமாம். ஒட்டாதாம்."

"கடையநல்லூர்க்காரவ பாதிப்பேரு அந்த அரபு நாட்டுலதான இருக்காவ. மாடி மாடியா கட்டிருக்காவன்னு சொல்லுதாவளே, அது எப்படியாம்?"

"வேற நாட்டுல இருந்து கப்பல்ல மணல் வாங்குதாவளாம்."

"பாலைவனத்துக்கு மணலையா?"

"டீச்சர் சொன்னாவ" என்றாள். டீச்சர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. முழுப்பரீட்சை லீவு விட்டார்கள், எனக்கு அந்த லீவு இன்னும் முடியவில்லை. அதனால் அவள் சொல்லுகிற பாடங்களைக் கேட்க எனக்கு ஆசை உண்டு. அன்றைக்கும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். டீச்சர் மேஜையில் மூன்று பாட்டில் வைத்தாராம். ஒன்றில் கடல் மணல். ஒன்றில் எம்-சாண்ட். மூன்றாவது காலி.

"ஆத்து மணலுக்காம். டீச்சருக்கே கிடைக்கலையாம். யாராவது ஆத்து மணல் பாத்திருக்கீங்களான்னு கேட்டாவ. எல்லாரும் திருச்செந்தூருல பாத்தோம், திருச்செந்தூருல பாத்தோம்னு கத்துனாங்க. அது கடல்லா? நான் மட்டும்தாம்மா கை தூக்குனேன். எங்க வீட்டு வாசல்ல கிடக்குன்னு சொன்னேன்."

கத்தி வெங்காயத்திலேயே நின்றுவிட்டது.

"யாரக் கேட்டுட்டி சொன்ன?"

"உண்மைதானம்மா?"

"அதுக்கு டீச்சர் என்ன சொன்னாவ?"

"ரொம்ப சந்தோசம்னாவ. எங்கன வாங்குனாங்கன்னு கேட்டாவ. வார சனிக்கிழம சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள எல்லாம் கூட்டிட்டு நம்ம வீட்டுக்கு வாராவளாம்."

எங்கன வாங்குனாங்க என்று டீச்சர் கேட்டதுதான் எனக்கு மண்டைக்குள் நின்றது. டீச்சர் தலைமையாசிரியரிடம் சொல்லுவார். அவர் தாலுகா ஆபீஸில் யாரிடமாவது சொல்லுவார். ஜீப் வரும். மணலை அள்ளிக்கொண்டு போவார்கள். பூச்சு நிற்கும். சாரல் விழும். சாத்தூர்க்காரர்கள் போய்விடுவார்கள். இவ்வளவும் ஒரு வெங்காயம் நறுக்கி முடிவதற்குள் என் கண் முன்னால் நடந்து முடிந்துவிட்டது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். செக்போஸ்டில் வண்டி நகரவில்லை, அவர் எரிச்சலில் இருந்தார்.

"பிள்ளைக மணல் பாக்க வருது. அதுக்கு ஏன் இப்படிப் பதறுத?"

"ஏட்டையா வேற தினம் பாத்துக்கிட்டே இருக்காரு."

"அவரு பேப்பரு படிக்காருட்டி."

"பில்லு இல்லல்லா நம்மகிட்ட?"

"யம்மா தாயி, அப்படிப் பயமா இருந்துச்சுன்னா பின்னால கிடக்குற எம்-சாண்ட அள்ளி மேல தூவி விடு. ஒருத்தனுக்கும் தெரியாது. இப்ப வையி, வண்டி நகருது."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போது எனக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொத்தனார் அண்ணாச்சி போனதும், கொல்லைப்புறத்தில் கிடந்த எம்-சாண்டை இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் தூவினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் பழுப்பு தெரிந்தது. அதை மூடினால் உச்சியில் தெரிந்தது. கடைசியில் பின்னால் கிடந்தது முழுவதையும் கொண்டுவந்து போட்டுவிட்டேன். குவியல் முன்பு இருந்ததைவிடப் பெரிதாக, முழுச் சாம்பலாக நின்றது.

"ஏம்மா மூடுத?" என்றாள் மகள்.

"பூனை அசிங்கம் பண்ணுதுல்லா."

"நாளைக்கு டீச்சர் வருவாவளே?"

"வந்தா தோண்டிக் காட்டிக்கலாம், போ" என்றேன். காட்டுகிற எண்ணமே எனக்குக் கிடையாது.

எதிரே பேப்பர் இறங்கியது. "என்னம்மா, மணலுக்குப் போர்வை போத்துதியா?"

"இல்ல ஏட்டையா... சும்மா..." என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நான் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது. டீச்சர் வருகிறார், பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள், ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் வடை வாங்காமல் முடியாது. கொத்தனார் அண்ணாச்சிக்கு அன்றைக்கு செப்டிக் டேங்க் மூடி கான்கிரீட் வேலை. கீழ்வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பூச்சில் கை வைப்பேன் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். கிளம்பும்போது அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஏட்டையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட, அடியில் ஆற்று மணல் இருக்கிறது என்று எப்படிச் சொல்லுவது? போய்விட்டு வந்து காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

வடைக்கடையில் கூட்டம். திரும்ப வரும்போது பஸ் வேறு தாமதம்.

தெருமுனையில் இறங்கி வேகமாக நடந்தேன். எனக்குப் பின்னாலேயே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் டீச்சர், வரிசை, முன்னால் குதித்துக்கொண்டு என் மகள். முன்னால் பார்த்தால் என் வாசல். செங்கல் வரம்பு அப்படியே இருந்தது. அதற்குள்ளே குவியலைக் காணோம். வரம்புக்குள் ஒரு மூலையில், ஒருவர் மடியில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்குச் சாம்பலும் பழுப்பும் கலந்து கிடந்தது. அதன் மேல் பூனை உட்கார்ந்திருந்தது.

சித்தாள் அக்கா இரும்புச் சட்டியைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"மணல எங்கக்கா?"

"டேங்குக்குத்தான். பின்னால பாத்தேன், ஒண்ணையும் காணோம். நீ முன்னால சேத்துப் போட்டிருக்கேன்னு அள்ளிட்டுப் போனேன்."

"அடியில பழுப்பா இருந்திருக்குமே?"

"ஆமா, வந்துச்சு. இப்பதான் எல்லாரும் ரெண்டையும் கலந்து வைக்காவளே, ஆத்து மணல் தேறட்டும்னு. நீயும் கலந்து வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

பின்னாலிருந்து கொத்தனார் அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "தாயி, மூடி முடிஞ்சுது. பூச்சு மணல நீ மாடிக்கு ஏத்திட்ட போலிருக்கு, மிச்சம் இவ்வளவு கிடக்கேன்னு துணி துவைக்குத தளத்தையும் சேத்துப் போட்டு விட்டுட்டேன். சாரலுக்கு முந்தி ஒரு வேலை மிச்சம் பாத்துக்கோ."

வடைப் பொட்டலம் என் கையில் சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. பூசுகிற மணல் முழுவதும் போயிற்று என்பது ஒரு பக்கம் விளங்கிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் என் மகள் பூனையை விரட்டிவிட்டு முழங்காலிட்டு அந்த மிச்சத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது எம்-சாண்டுல்லா! எங்க வீட்டுலயும் இதுதான் கிடக்கு" என்றான் ஒரு பையன்.

"இதப் பாக்கவா டீச்சர் இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்றது இன்னொன்று.

"அடியில இருக்கு. நெசமா இருந்துச்சு" என்றாள் இவள். அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. தோண்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

டீச்சர் சின்ன வயசுக்காரி. வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. கையில் அந்தக் காலிப் பாட்டில். விசாரிக்க வந்த முகமாக அது தெரியவில்லை. இருந்தாலும் எனக்குப் பயம் விடவில்லை. அப்போது வீட்டுக்காரர் போனில் வந்தார். "என்ன, டீச்சர் வந்தாச்சா? மணல் ஷோ எப்படிப் போவுது?" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பயம் எங்கோ போய்விட்டது. போனை அப்படியே வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்துச் சொன்னேன்.

"அவ சொன்னது நெசந்தான் டீச்சர். ஆத்து மணல்தான் கிடந்துச்சு. நாந்தான் பயந்துபோயி மேல எம்-சாண்டப் போட்டு மூடுனேன். இவங்க தெரியாம அள்ளிட்டாங்க. இப்ப அது செப்டிக் டேங்க் மூடியில கிடக்கு."

அதற்கப்புறம் பதினொரு பிள்ளைகளும் ஒரே சிரிப்பு. "ஆத்து மணல் கக்கூஸ் டேங்குலயா!" கொத்தனார் அண்ணாச்சிதான் சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்த கையோடு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப பூச்சு? தாயி, அப்ப பூச்சுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

டீச்சர் பிள்ளைகளைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஈரக் கான்கிரீட் பளபளவென்று கிடந்தது.

"இதுல இருந்து மணல மட்டும் திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"கழுவுனா வரும் டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"உடச்சா வரும்" என்றான் அந்தப் பையன்.

"உடச்சா கல்லு வரும். மணல் வராது" என்றார் கொத்தனார் அண்ணாச்சி, தலையைத் தூக்காமல்.

"அவ்வளவுதான் இன்னைக்குப் பாடம்" என்றார் டீச்சர். ஆனால் பிள்ளைகள் விடவில்லை. வாசலில் மிச்சம் கிடந்ததைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சர் கொண்டுவந்த பூதக்கண்ணாடியை ஆளுக்கு ஆள் பிடுங்கிக்கொண்டு பார்த்தார்கள். சாம்பலாக, முனை முனையாக இருப்பது எம்-சாண்ட். பழுப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்குவது ஆற்று மணல். அது தெரிந்ததும் யாரும் சொல்லாமலே பிரிக்க ஆரம்பித்தார்கள். என் மாவுச் சல்லடையைக் கேட்டார்கள், கொடுத்தேன். வடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பிரித்தார்கள். "ஏலே, எண்ணெக் கையோட தொடாதலே" என்று என் மகள் அதட்டினாள். அவளுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் ஏட்டையா தெருவைக் கடந்து வந்தார். நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒங்கிட்ட கேக்கணும் கேக்கணும்னு பத்து நாளா பாத்துக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா என்னையப் பாத்தாலே உள்ள ஓடிருத. அந்த வண்டிக்காரன் நம்பரு இருக்கா?"

"எதுக்கு ஏட்டையா?"

"மவன் மிலிட்டரியில இருந்து லீவுல வாரான். மேல ரூம்பு பூசணும். ஆத்து மணல் எங்கனயும் கிடைக்கல."

பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். அவர் கண்ணில் அப்போது சிரிப்பு இல்லை. ஏட்டையாவுக்கும் அது பட்டிருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொறவு பேசிக்கலாம்" என்று பூனையைத் தூக்கிக்கொண்டார்.

"யம்மா, இது எந்த ஆத்து மணல்?" என்று என் மகள் கேட்டாள். பாட்டில் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது.

சிற்றாறா, அனுமன் நதியா, ஏதாவது ஓடையா. வண்டிக்காரர் சொல்லவில்லை. பில்லைக் கேட்ட நான் ஆற்றைக் கேட்கவில்லை.

"தெரியாதும்மா."

"தெரியலன்னா தெரியலன்னு எழுது" என்றார் டீச்சர். அவள் வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டினாள்: ஆற்று மணல். எந்த ஆறு என்று தெரியாது.

அந்தப் பாட்டில் இப்போது பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துவிடுகிறேன். எங்கள் வீட்டு முகவரியையும் சேர்த்து எழுதி ஒட்டிய மாதிரி எனக்கு ஓர் எண்ணம்.

ஜீப் ஒன்றும் வரவில்லை. சாரல்தான் வந்தது, அடுத்த வாரமே. குட்டியானைக்காரருக்குப் போன் போட்டேன். "இப்ப அந்தப் பக்கமே போக முடியலக்கா" என்றார். போக முடியாமல் இருப்பது நல்லதுதானே என்று மகள் சொன்னாள். நல்லதுதான். ஆனால் என் மேலறைச் சுவர் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பி-சாண்ட் வாங்கலாம் என்றால் கையில் பணம் இல்லை, கொத்தனார் அண்ணாச்சியும் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சாத்தூர்க்காரர்கள் வந்து மாடியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "குளிக்கத்தானே வந்தோம், சுவத்தையா பாக்கப் போறோம்" என்று அந்த அம்மாதான் பையை இறக்கியது. ஆனால் வாடகையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். ஈரத் துணியை அலசிக்கொண்டே, "துவைக்கிற தளம் மட்டும் என்னமா போட்டிருக்கீங்க அக்கா, வழுக்கவே இல்லை" என்றது அந்த அம்மா.

வந்த வாடகை குழுத் தவணைக்கே சரியாகப் போயிற்று. வெள்ளம் வந்து அருவியில் தடை போட்டதால் தட்டுக்கடையிலும் ஒன்றும் தேறவில்லை. குட்டியானைக்காரர் இரண்டு தடவை போன் பண்ணினார். சத்தம் போடவில்லை, "பாத்துக் குடுங்கக்கா" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். போன் அடித்தாலே இப்போதும் அவராக இருக்குமோ என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். அவருக்கு நான் கொடுக்க வேண்டியது இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.